அறை கேட்டவரும் கதவைத் திறந்தவரும்



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, விருந்தாளி என்பவர் அனுமதி கேட்டுக்கொண்டு வருகிறவர் அல்லர். மாலை நேரத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாமா வருவார். கையில் ஒரு பை. பையில் பிள்ளைகளுக்கு ரொட்டி. அவரை வாசலில் நிறுத்தி, "எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்று யாரும் கேட்டதில்லை. உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி விழும். அஞ்சடியில் இன்னொரு பாய் விரியும். அவ்வளவுதான்.

அந்தக் காலம் மாறிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நம் மக்களில் பலர் தாமான்களுக்கும் நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். இன்று தைப்பூசத்திற்குப் பினாங்கு செல்லும் குடும்பமும், பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வரும் பெற்றோரும், மருத்துவமனைக்கு அருகே நான்கு நாள் தங்க வேண்டியவரும் கைப்பேசியைத் திறந்து 'ஹோம்ஸ்டே' தேடுகிறார்கள். படத்தைப் பார்க்கிறோம், நாளைக் குறிக்கிறோம், ஒரு பொத்தானை அழுத்துகிறோம். "உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது. வீட்டுக்காரரின் பதிலுக்குக் காத்திருக்கவும்" என்று ஒரு செய்தி வருகிறது.

நாம் காத்திருக்கும் அந்த நேரத்தில் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது? நம்மை முன்பின் அறியாத அந்த வீட்டுக்காரர் எதைப் பார்த்துச் 'சரி' என்கிறார்? எதைப் பார்த்து 'இல்லை' என்கிறார்? சின்னக் கேள்வி போலத் தோன்றினாலும், இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு இங்கிலாந்தின் வழிப்போக்கர் விடுதிகளில் தொடங்கி, அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளைக் கடந்து, இன்று நம் உள்ளங்கைக்கு வந்திருக்கிறது. அதைத்தான் இன்று நாம் காணப்போகிறோம்.

விடுதிக் கதவும் வீட்டுக் கதவும்

குதிரையிலும் கால்நடையாகவும் மக்கள் பயணம் செய்த காலத்தில், முன்பதிவு என்ற பேச்சே கிடையாது. பொழுது சாயும்போது பயணி விடுதியின் கதவைத் தட்டுவார். அதுதான் அவருடைய கோரிக்கை. விடுதிக்காரர் கதவைத் திறப்பார், அல்லது திறக்கமாட்டார். அதுதான் பதில்.

திறக்காவிட்டால் என்ன ஆகும்? இரவு, குளிர், கள்வர் பயம். பயணியின் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே இங்கிலாந்தின் பொதுச் சட்டம் விடுதிக்காரர்மீது ஒரு கடமையைச் சுமத்தியது. அறை காலியாக இருக்க வேண்டும். வந்தவர் பணம் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். இவை மூன்றும் இருந்தால், தக்க காரணமின்றி விடுதிக்காரர் அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது.

1835ஆம் ஆண்டில் இது பற்றி ஒரு வழக்கு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு, விடுதியில் எல்லாரும் உறங்கப் போன பிறகு ஒரு பயணி வந்து கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர்கள் அவருடைய பெயரைக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. கதவும் திறக்கப்படவில்லை. விசாரித்த நீதிபதி கோல்ரிட்ஜ், விடுதிக்காரர் குற்றவாளி என்றே கருத்துரைத்தார். விடுதிக்காரர் தமக்குப் பிடித்த விருந்தினரை மட்டும் பொறுக்கி எடுப்பதற்கு உரிமையில்லை. பெயரைச் சொன்னால்தான் கதவைத் திறப்பேன் என்று வற்புறுத்தவும் உரிமையில்லை. இதுவே அவர் சொன்னதன் சாரம்.

இந்தப் 'பெயர்' என்ற சொல்லை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வரலாற்றில் அது திரும்பத் திரும்ப வரப்போகிறது.

ஆனால், இந்தக் கடமை பொது விடுதிகளுக்கு மட்டுமே இருந்தது. தம் சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவரை இது கட்டுப்படுத்தவில்லை. அவர் தமக்கு விருப்பமானவரை ஏற்கலாம், மற்றவரை மறுக்கலாம். விடுதிக் கதவுக்கு ஒரு நியாயம். வீட்டுக் கதவுக்கு இன்னொரு நியாயம். இந்த இரண்டு கதவுகளின் கதைதான் பின்னால் வருவது எல்லாம்.

கடிதமும் தந்தியும்

இரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபின் பயணம் பெருகியது. விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இடமில்லை என்று தெரிந்தால் தொல்லை. ஆகவே மக்கள் முன்கூட்டியே கடிதம் எழுதத் தொடங்கினர். அவசரமானால் தந்தி கொடுத்தனர்.

தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய ஓட்டல்காரர்கள் ஒரு குறிச்சொல் பட்டியலையே உருவாக்கிக்கொண்டனர். 'அல்பா' என்று ஒரு சொல் அடித்தால், ஒரு கட்டில் போட்ட ஓர் அறை வேண்டும் என்று பொருள். 'அனுல்' என்றால், கேட்டிருந்த அறை வேண்டாம் என்று பொருள். இன்று நாம் கைப்பேசியில் கட்டங்களை நிரப்புகிறோமே, அதற்கு இதுவே முன்னோடி எனலாம்.

இந்த மாற்றத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பு விடுதிக்காரர் கதவைத் திறந்ததும் பயணியின் முகத்தைப் பார்த்தார். இப்போது அவர் பார்ப்பது எழுத்தை மட்டுமே. முகம் தெரியாமலே அறை ஒதுக்கப்பட்டது. அப்படியானால் வேற்றுமை பார்ப்பது ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை. பயணி நேரில் வந்து நிற்கும் நாள்வரை தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவே.

கொக்கோ தோட்டத்திலிருந்து வந்த வீரர்

1943ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். இலண்டனில் இம்பீரியல் ஓட்டலில் ஒருவர் தமக்கும் தம் மனைவிக்கும் மகளுக்குமாக நான்கு நாள் தங்குவதற்கு அறை பதிவு செய்திருந்தார். முன்பணமும் கட்டியிருந்தார். தாம் கறுப்பினத்தவர் என்பதால் தொல்லை வருமா என்று முன்கூட்டியே விசாரித்து, வராது என்ற உறுதிமொழியையும் பெற்றிருந்தார்.

அவர் பெயர் லியரி கான்ஸ்டன்டைன். மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர். டிரினிடாட் தீவில் 1901இல் பிறந்தவர். அவருடைய முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள். தந்தை ஒரு கொக்கோ தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்தவர். ஆம், நேயர்களே, நம்மைப் போலவே தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை அவர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசின் தொழிலாளர் அமைச்சில் நல அதிகாரியாகவும் பணியாற்றிக்கொண்டிருந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் நடக்கவிருந்த ஆட்டத்திற்காகத்தான் அவர் இலண்டனுக்கு வந்தார்.

ஜூலை 30ஆம் நாள் ஓட்டலுக்குப் போனார். ஓரிரவு மட்டுமே தங்கலாம், அதற்குமேல் முடியாது என்றனர். காரணம்? ஓட்டலில் தங்கியிருந்த அமெரிக்கர்கள் கறுப்பினத்தவர் தங்குவதை விரும்பமாட்டார்களாம். முன்பணம் வாங்கியபோது இல்லாத ஆட்சேபம், முகத்தைக் கண்டபோது முளைத்தது.

கான்ஸ்டன்டைன் அன்றிரவு வேறொரு ஓட்டலுக்குச் சென்றார். ஆனால் விஷயத்தை விடவில்லை. வழக்குத் தொடுத்தார். 1944 ஜூனில் நீதிபதி பர்க்கெட் தீர்ப்பளித்தார். விடுதிக்காரரின் பழைய கடமை இன்னும் உயிரோடு இருக்கிறது; தக்க காரணமின்றி அவரை மறுத்தது தவறு; வேறிடத்தில் அறை கிடைத்தது என்பதால் தவறு தவறாகாமல் போய்விடாது. அவருக்குக் கிடைத்த இழப்பீடு வெறும் ஐந்து கினி, அதாவது 5 பவுன் 5 ஷில்லிங். தொகை சிறிது, ஆனால் தீர்ப்பு பெரிது. பிரிட்டனில் நிறபேதத்திற்கு எதிரான முதல் சட்டம் 1965இல் தான் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, வழிப்போக்கனுக்காக எழுந்த பழைய நியாயத்தைக் கொண்டு ஒரு தோட்டத்துப் பிள்ளை வென்று காட்டினார். அதே கான்ஸ்டன்டைன் 1969இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார்.

தபால்காரர் தொகுத்த புத்தகம்

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே மோட்டார் வண்டி சாதாரண மக்களின் கைக்கும் வந்த காலம். கறுப்பின மக்களில் வசதியுள்ளவர்களும் வண்டி வாங்கினர். ஆனால் வழியில் தங்க இடம் கிடைக்கவில்லை. ஊர் ஊராகக் கதவு சாத்தப்பட்டது. பல குடும்பங்கள் பிள்ளைகளோடு வண்டியிலேயே உறங்கின.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் இருந்தார். அவரும் கறுப்பினத்தவரே. எந்த ஊரில் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தொகுத்து, 1936இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். 'கிரீன் புக்' என்று அது பெயர் பெற்றது. முதலில் நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டுமே இருந்த புத்தகம், பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது.

அதில் ஓட்டல்கள் மட்டுமல்ல, 'டூரிஸ்ட் ஹோம்' என்ற பெயரில் சாதாரண மக்களின் வீடுகளும் இடம்பெற்றன. ஓட்டல் இல்லாத ஊர்களில் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, கட்டணம் பெற்றுக்கொண்டு, பயணிகளைத் தங்க வைத்தன. விடுதிக் கதவு மூடியபோது வீட்டுக் கதவு திறந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் குறுகிய கால வீட்டு வாடகைக்கு, இலாபத்துக்கு முன்னால் மானத்துக்காக நடந்த முன்மாதிரி இது என்றே நாம் கருதுகிறோம்.

1947இல் கிரீன் ஒரு பயணப் பதிவு நிலையமும் தொடங்கினார். பயணி அவரிடம் சொன்னால் போதும். கறுப்பினத்தவர் நடத்தும் விடுதிகளில் அவர் இடம் பதிவு செய்து கொடுத்தார். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவே நம்பிக்கைக்குரிய ஒருவர் நின்று, மறுப்பு என்ற அவமானம் நேராதபடி பார்த்துக்கொண்டார். தம் புத்தகம் தேவைப்படாத ஒரு நாள் வரும் என்று கிரீன் எழுதியிருந்தார். அந்த நாளைக் காணாமல் 1960இல் அவர் காலமானார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1964 ஜூலை 2ஆம் நாள், அமெரிக்காவில் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தாயிற்று. ஓட்டல்களும் மோட்டல்களும் இனம், நிறம், மதம், பூர்வீகம் பார்த்து யாரையும் மறுக்கக்கூடாது என்று அது விதித்தது. அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டலின் முதலாளி இதை எதிர்த்து வழக்காடினார். அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1966–67 பதிப்போடு கிரீன் புத்தகம் நின்றது.

ஆயினும் அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. ஐந்து அறைக்கு மேல் வாடகைக்கு விடாமல், உரிமையாளர் தாமும் அதே கட்டடத்தில் குடியிருந்தால், இந்த விதி அவருக்குப் பொருந்தாது. பாருங்கள், பழைய இரண்டு கதவுகள் மறுபடியும் வந்துவிட்டன! வீட்டில் விடப்படும் அறைகள் அப்போது சிலவே. ஆகவே இந்த விலக்கைப் பலரும் பொருட்படுத்தவில்லை.

மூன்று காற்றுமெத்தைகள்

2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். சான் பிரான்சிஸ்கோ நகரில் பிரையன் செஸ்கி, ஜோ கெப்பியா என்ற இரண்டு இளைஞர்கள் வீட்டு வாடகை கட்ட முடியாமல் தவித்தனர். அப்போது அந்நகரில் வடிவமைப்பாளர் மாநாடு ஒன்று நடக்கவிருந்தது. ஓட்டல் அறைகள் நிரம்பிவிட்டன. இருவரும் தங்கள் வீட்டில் மூன்று காற்றுமெத்தைகளை விரித்து, காலை உணவும் சேர்த்து, இரவுக்கு 80 டாலர் என்று இணையத்தில் அறிவித்தனர். மூவர் வந்து தங்கினர். அவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து சென்ற மாணவர்.

நேதன் பிளெசார்சிக் என்பவரும் சேர்ந்துகொள்ள, 2008இல் அது ஒரு நிறுவனமாயிற்று. காற்றுமெத்தையும் காலை உணவும் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரே சுருங்கி 'ஏர்பிஎன்பி' ஆனது. இன்று உலகில் இலட்சக்கணக்கான வீடுகள் அதன்வழி வாடகைக்குக் கிடைக்கின்றன. வேறு நிறுவனங்களும் இதே தொழிலைச் செய்கின்றன.

இதில் கோரிக்கை எப்படி நடக்கிறது? விருந்தினர் நாளையும் ஆட்களின் எண்ணிக்கையையும் குறித்து, வீட்டுக்காரருக்கு ஒரு செய்தியும் எழுதி அனுப்புகிறார். வீட்டுக்காரருக்கு 24 மணி நேரம் அவகாசம். அதற்குள் அவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். பதிலே சொல்லாவிட்டால் கோரிக்கை காலாவதியாகிவிடும். ஏற்றால்தான் பதிவு உறுதியாகிறது, பணமும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்தப் பணம் உடனே வீட்டுக்காரர் கைக்குப் போவதில்லை. வழக்கமாக, விருந்தினர் வந்து சேர்ந்து ஏறக்குறைய ஒரு நாள் கழிந்த பிறகே நிறுவனம் அதை விடுவிக்கிறது. வீடு படத்தில் கண்டபடி இல்லையென்றால் முறையிட விருந்தினருக்கு இடம் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வீட்டுக்காரர் விரும்பினால், தனித்தனியாகப் பதில் சொல்லாமலே உடனடியாகப் பதிவாகும் முறையையும் வைத்துக்கொள்ளலாம்.

தங்கிச் சென்றபின் இருவரும் ஒருவரைப்பற்றி ஒருவர் மதிப்புரை எழுதலாம். ஒருவர் எழுதியதைப் பார்த்துவிட்டு மற்றவர் பழிவாங்குவது போல் எழுதாமலிருக்க, 2014 முதல் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியிடப்படுகின்றன.

வீட்டுக்காரருக்கும் அச்சம் உண்டு என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்மணி வாடகைக்கு விட்ட வீட்டை, வந்தவர்கள் சூறையாடிவிட்டுச் சென்றார்கள். அதன்பிறகே அந்நிறுவனம் வீட்டுக்காரர்களுக்கு இழப்பீட்டு உறுதியளித்தது. முதலில் 50,000 டாலர். மறு ஆண்டு 10 இலட்சம் டாலர். முன்பின் தெரியாதவருக்குச் சாவியைக் கொடுப்பவர், அவரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தை நிறைவேற்றத்தான் விருந்தினரின் பெயரும் புகைப்படமும் கோரிக்கையோடு காட்டப்பட்டன. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

பெயர் செய்த வேலை

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 2015இல் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து அமெரிக்க நகரங்களில் சுமார் 6,400 வீடுகளுக்குக் கோரிக்கை அனுப்பினார்கள். எழுதிய செய்தியில் வேறுபாடில்லை. பெயர் மட்டுமே மாறியது. சில பெயர்கள் வெள்ளையர் பெயர் போல ஒலித்தன. சில பெயர்கள் கறுப்பினத்தவர் பெயர் போல ஒலித்தன.

முடிவு என்ன? வெள்ளையர் பெயரில் போன கோரிக்கைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 50 ஏற்கப்பட்டன. கறுப்பினத்தவர் பெயரில் போனவற்றில் ஏறக்குறைய 42 ஏற்கப்பட்டன. கணக்கிட்டால், ஏற்கப்படும் வாய்ப்பு 16 விழுக்காடு குறைவு. இந்த ஆய்வு 2017இல் ஆய்விதழில் வெளியாயிற்று. 1835இல் ஒரு நீதிபதி, பெயரைக் கேட்டு வற்புறுத்தாதே என்றார். 180 ஆண்டுகளுக்குப் பிறகு, பெயரே கதவை மூடியது!

அந்த ஆய்வில் நம்மைச் சிந்திக்க வைக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. முன்னர் ஒரு கறுப்பின விருந்தினரையாவது ஏற்று, அவரிடம் மதிப்புரை பெற்ற வீட்டுக்காரர்களிடம் இந்த வேற்றுமை காணப்படவில்லை. ஒருபோதும் ஏற்காதவர்களிடமே அது குவிந்திருந்தது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, விருந்தினரின் கணக்கில் ஒரே ஒரு மதிப்புரை இருந்தாலும் இரு சாராருக்கும் இடையிலான இடைவெளி மறைந்துவிடுவதைக் காட்டியது. ஒருவரைப் பற்றி எதுவும் தெரியாதபோது மனம் இனத்தைப் பிடித்துக்கொள்கிறது. மனிதரைத் தெரிந்துகொண்டால் இனம் பின்னுக்குப் போகிறது.

இதற்கிடையில் பாதிக்கப்பட்டவர்களே குரல் எழுப்பினர். அறை கேட்டு மறுக்கப்பட்ட ஒரு கறுப்பின இளைஞர், வெள்ளையர் பெயரில் வேறு கணக்குத் தொடங்கி, அதே வீட்டை அதே நாட்களுக்குக் கேட்டதும் கிடைத்ததாகச் சொல்லி, 2016இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு நீதிமன்றத்தில் முழுமையாக விசாரிக்கப்படவே இல்லை. கணக்குத் தொடங்கும்போது அவர் ஒப்புக்கொண்ட விதிகளில், சச்சரவுகள் நடுவர்முன் தீர்க்கப்படும் என்று இருந்தது. ஆகவே நீதிமன்றம் அதை நடுவருக்கு அனுப்பிவிட்டது. கட்டத்தில் சரி போடுவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

வழக்கு அப்படி முடிந்தாலும் எழுந்த கண்டனம் வீண்போகவில்லை. 2016 நவம்பர் முதல், இன, மத வேற்றுமை பாராட்டமாட்டேன் என்ற உறுதிமொழியை ஏற்றால்தான் யாரும் அந்நிறுவனத்தைப் பயன்படுத்தலாம் என்று விதி வந்தது. 2018 அக்டோபரில், பதிவு உறுதியான பிறகே விருந்தினரின் புகைப்படம் வீட்டுக்காரருக்குக் காட்டப்படும் என்று மாற்றினார்கள். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் சில கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கின் விளைவாக, 2022 ஜனவரி 31 முதல் அம்மாநிலத்தவர் கோரிக்கை அனுப்பினால், பதிவு உறுதியாகும்வரை பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டுமே காட்டப்படலாயிற்று.

இது நமக்குப் புதிதன்று. அரசுத் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளின் விடைத்தாளில் பெயர் இருப்பதில்லை, எண்தான் இருக்கிறது. திருத்துகிறவர் விடையைப் பார்க்க வேண்டுமே தவிர, எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கக்கூடாது. கோரிக்கைக்கும் இதே நியாயம் பொருந்தும். நாள், ஆட்களின் எண்ணிக்கை, முன்பு தங்கிய வீடுகளில் நடந்துகொண்ட விதம் ஆகியவை விடை. நிறமும் பெயரும் விடை அல்ல.

குறை முழுவதும் தீர்ந்ததா? 2022 டிசம்பரில் அந்நிறுவனமே வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் அமெரிக்காவில் வெள்ளையராகக் கருதப்பட்ட விருந்தினரின் பதிவு முயற்சிகளில் 94.1 விழுக்காடு வெற்றி பெற்றன. கறுப்பினத்தவராகக் கருதப்பட்டவர்களுக்கு அது 91.4 விழுக்காடு. ஹார்வர்டு ஆய்வின் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு, ஒன்றோடொன்று ஒப்பிடலாகாது. ஆனால் இடைவெளி இன்னும் இருக்கிறது என்பது மட்டும் தெளிவு.

நமக்கு என்ன?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் நகரத்தில் வாடகைக்கு இடம் தேடியபோது என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். தொலைபேசியில் "அறை இருக்கிறது, வந்து பாருங்கள்" என்பார்கள். பெயரைச் சொன்னதும் "இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார்" என்பார்கள். இந்த அனுபவம் நம் குடும்பங்களில் பலருக்கும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் அந்தப் பிள்ளை தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணித் தலைகுனிகிறான். குறை அவனிடம் இல்லை என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டும். கான்ஸ்டன்டைனின் கதையைச் சொல்ல வேண்டும். விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவரின் மொழியைப் பேசுகிற நாம், கதவு சாத்தப்படுவதன் வலியை அறிவோம். ஆகவே நம் கையில் ஒரு சாவி வரும்போது, நாமும் சாதியோ இனமோ மதமோ பார்த்துக் கதவைச் சாத்தக்கூடாது.

நம் நாட்டில் வேறொரு வழியும் முயலப்பட்டிருக்கிறது. 1995இல் பகாங் மாநிலத்தில் தெமர்லோ அருகேயுள்ள டேசா முர்னியில் அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் தொடங்கப்பெற்றது. அதில் விருந்தினர் கம்பத்துக் குடும்பத்தோடு சேர்ந்து தங்குகிறார், சேர்ந்து உண்கிறார். கோரிக்கை தனி வீட்டுக்குப் போவதில்லை. கம்பத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் போகிறது. அவர் விருந்தினர்களைப் பங்கேற்கும் வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறார். இன்று ஆளில்லாத வாடகை வீட்டையும் 'ஹோம்ஸ்டே' என்றே அழைக்கிறோம், இரண்டும் ஒன்றல்ல.

முடிக்குமுன் சில நடைமுறைச் செய்திகள். கோரிக்கை அனுப்பும்போது எத்தனை பேர், என்ன காரியம், எப்போது வருவோம் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். நான்கு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேர் போய் இறங்காதீர்கள். நிறுவனத்தின்வழி பதிவு செய்யும்போது, "பணத்தை என் வங்கிக் கணக்கில் நேராகப் போடுங்கள், விலை குறைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். அப்படிப் போட்ட பணத்துக்கு நடுவில் நிற்கும் நிறுவனம் பொறுப்பேற்காது. ஏற்பு வந்துவிட்டாலும் அந்த இடத்தின் சட்டத்தையும் விசாரியுங்கள். சிங்கப்பூரில் 2017 ஜூன் 30 முதல் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது என்பது விதி. மலேசியாவில், குறுகிய கால வாடகையைத் தடைசெய்ய அடுக்குமாடி நிர்வாகத்துக்கு அதிகாரமுண்டு என்று 2020இல் ஒரு கோலாலம்பூர் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் அமைதியும் இதில் அடங்கியிருக்கிறது.

தங்கிய வீட்டைத் துடைத்துச் சுத்தமாக விட்டுவிட்டு வாருங்கள். நாம் பெறும் ஒரு நல்ல மதிப்புரை நமக்குப் பின் வருகிறவருக்கும் கதவைத் திறக்கக்கூடும். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் செய்த தவற்றுக்கு ஓர் இனமே பதில் சொல்ல வேண்டும் என்பது நியாயமாகாது. ஒரு தனி மனிதர் நல்லவர் என்று மெய்ப்பித்த பிறகுதான் அவர் இனத்தாருக்குக் கதவு திறக்கும் என்பதும் நியாயமாகாது. காலியாக அறை இருந்து, கேட்பவர் ஒழுங்காக நடந்து, உரிய பணமும் கொடுத்தால் கதவு திறக்க வேண்டும். பழைய விடுதிச் சட்டம் சொன்னது அதைத்தான்.

அடுத்த முறை உங்கள் கைப்பேசி "பதிலுக்குக் காத்திருக்கவும்" என்று சொல்லும்போது, உங்களுக்கு முன்னால் அந்தக் கதவருகே காத்து நின்றவர்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பெயர் சொல்லாத வழிப்போக்கர், கொக்கோ தோட்டத்துக் கிரிக்கெட் வீரர், வண்டியில் உறங்கிய பிள்ளைகள். அவர்கள் தட்டிய கதவைத்தான் நாமும் தட்டுகிறோம்.